பதினான்காம் நாள் இரவை வாசித்தவர்கள்
‘மாதொருபாகன்’ நாவலும் கொங்கு வாசகரும்

கேள்வி

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. களம் திருச்செங்கோடு, காலம் ஆங்கிலேயர் ஆட்சியின் கடைசிப் பகுதி, மாந்தர் பண்ணையம் பார்க்கும் கவுண்டர் குடும்பங்கள். நான்கு ஆண்டுகள் நூல் சத்தமில்லாமல் விற்றது, மறுபதிப்புகளும் கண்டது. சிற்றிதழ் வாசகர்களும் தமிழாசிரியர்களும் அதைப் பற்றிப் பேசினார்கள். 2013இல் அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பெங்குவின் வெளியிட்டது. 2014 டிசம்பர் 26 அன்று அதே நூல் திருச்செங்கோட்டில் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரி 9 அன்று ஊரில் கடையடைப்பு நடந்தது. ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட நிர்வாகம் கூட்டிய பேச்சுவார்த்தையில் ஆசிரியர் நிபந்தனையற்ற மன்னிப்புக்குக் கையெழுத்திட்டார். அடுத்த ஓரிரு நாளில், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாகவும், தன் நூல்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெறுவதாகவும் முகநூலில் அறிவித்தார்.

நூல் மாறவில்லை, வாசித்தவர்கள் மாறினார்கள். இந்த மாற்றத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரே விடையைத் தந்தார்கள்: எதிர்த்தவர்கள் நாவலைப் படிக்கவில்லை. இதில் உண்மை உண்டு. ஆனால் இந்த விடை போதாது. முழு நூலைப் படிக்காதவர்களும் அதில் ஒன்றை மிகத் துல்லியமாகக் கண்டுகொண்டார்கள். அவர்கள் கண்டது எது, ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் சேர்ந்தே காணாமல் விட்டது எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள்

முதல் விளக்கம் அரசியல் சார்ந்தது. 2014 மத்தியில் தில்லியில் ஆட்சி மாறியது. இந்துத்துவ அமைப்புகள் தமிழகச் சிற்றூர்களில் காலூன்ற இடம் தேடின. கோயில் நகரம் ஒன்றில் அவற்றுக்கு ஆயத்தமான பிரச்சினை கிடைத்தது. இரண்டாவது சாதி சார்ந்தது. கொங்குப் பகுதியின் சாதிச் சங்கங்கள் அந்த ஆண்டுகளில் கலப்பு மணத்துக்கு எதிராக வெளிப்படையாகத் திரண்டுகொண்டிருந்தன. மூன்றாவது உள்ளூர்க் கணக்கு. நாமக்கல் வட்டாரத்தின் மதிப்பெண் பள்ளிகளைப் பெருமாள்முருகன் கடுமையாக விமர்சித்தவர் என்பதால் அந்தப் பகையும் சேர்ந்துகொண்டது என்று சிலர் ஊகித்தனர்.

மூன்றுமே எதிர்ப்பை யார் நடத்தினார்கள் என்பதற்கான விடைகள். ஏன் இந்த நூல் என்ற கேள்வி அவற்றில் அப்படியே நிற்கிறது. ‘பூக்குழி’ 2013இல் வந்தது. சாதி மாறி மணந்த குமரேசனும் சரோஜாவும் ஊராரின் வெறுப்புக்கு இரையாகும் கதை அது. சாதி மாறி மணந்து உயிரிழந்த தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நூல். சாதிச் சமூகத்தின் மீது அதைவிடக் கடுமையான குற்றச்சாட்டை அவர் வேறெங்கும் எழுதியதில்லை. அதை யாரும் கொளுத்தவில்லை. கொலை செய்யும் சாதி என்ற சித்திரம் தராத அவமானத்தை, பிள்ளை வேண்டி ஓரிரவு வெளியே சென்ற பெண்ணின் சித்திரம் தந்திருக்கிறது. இந்த வேறுபாட்டை எந்தக் கட்சி அரசியலாலும் விளக்கிவிட முடியாது.

தமிழில் முன்னுதாரணங்கள் இல்லாமல் இல்லை. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ 1966இல் வந்தபோது, வேதபாடசாலை மாணவன் அப்புவையும் விதவை இந்துவையும், எல்லாவற்றுக்கும் மேலாக அப்புவின் தாய் அலங்காரத்தம்மாளையும் ஏற்க முடியாமல் வைதிகக் குடும்பங்கள் கொதித்தன. ஆனால் அந்தக் கொதிப்பு படித்தவர்களின் கூடங்களுக்குள்ளேயே நின்றது. சுஜாதா குமுதத்தில் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ தொடர்கதை நாடார் சமூகத்தின் எதிர்ப்பால் நிறுத்தப்பட்டு, பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று வேறு வடிவில் வந்தது. முதலாவதில் இருந்தது விலக்கப்பட்ட காமமும் மதமும். இரண்டாவதில் இருந்தது ஒரு சாதிப் பெண்களின் மானம். ‘மாதொருபாகன்’ இரண்டையும் ஒரே இரவில், பெயர் சொல்லி, ஒரு கோயிலின் அடிவாரத்தில் வைத்தது.

நாவலில் காதல் எங்கே இருக்கிறது

காளிக்கும் பொன்னாவுக்கும் மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள். பிள்ளை இல்லை. காளி இரவில் மாடுகளோடு தொண்டுப்பட்டியில் தங்குபவன். பொன்னா அங்கே வருவதும், அவர்கள் ஒருவர் உடலில் ஒருவர் திளைப்பதும் நாவலின் மிக வெப்பமான பகுதிகள். இது கணவன் மனைவிக் காதல். எந்த ஆகமமும் எந்தச் சாதிக் கட்டுப்பாடும் தடுக்காத காமம். நாவலின் உடற்கிளர்ச்சி அனைத்தும் ஏறக்குறைய இங்கேயே செலவாகிறது.

அந்தக் காமத்தை ஊர் எப்படிக் கெடுக்கிறது என்பதே முருகனின் முதன்மைப் பொருள். ஒவ்வொரு கூடலும் மாத முடிவில் ஒரு தீர்ப்புக்குக் காத்திருக்கிறது. நல்ல காரியங்களில் பொன்னாவை ஒதுக்குகிறார்கள். காளியின் ஆண்மையைக் கேலி பேசுகிறார்கள். அவனுக்கு இரண்டாந்தாரம் கட்டி வைக்க வீட்டுப் பெரியவர்களே பேச்செடுக்கிறார்கள், அவன் மறுக்கிறான். வேண்டுதல்கள் நீள்கின்றன, மலையுச்சியின் வறடிக்கல்லைச் சுற்றும் உயிருக்கு அஞ்சாத நேர்ச்சை உட்பட. கல்யாணமே செய்துகொள்ளாத நல்லுப்பையன் சித்தப்பா மட்டும், பிள்ளை இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கிற ஒரே குரல். இந்தக் கிழவனைப் பற்றி விமர்சகர்கள் இன்னும் நிறைய எழுதியிருக்கலாம். நாவலின் அறம் பெரிதும் அவன் வாயில்தான் இருக்கிறது.

பிறகுதான் திருவிழா வருகிறது. வைகாசித் தேர்த்திருவிழாவின்போது மலையிறங்கி ஊருக்குள் வந்த தெய்வங்கள் பதினான்காம் நாள் மலையேறும். அந்த இரவில் பிள்ளையில்லாத பெண் தான் விரும்பிய ஆணோடு கூடலாம் என்றும், அன்றைக்கு அங்கே வரும் ஆண்கள் எல்லோரும் சாமி என்றும் நாவல் சொல்கிறது. அண்ணன் முத்து, காளி சம்மதித்துவிட்டான் என்று பொன்னாவை நம்ப வைக்கிறான். காளியைச் சாராயத்தில் ஆழ்த்தி வேறிடத்தில் வைத்திருக்கிறான். பொன்னா போகிறாள்.

விலக்கப்பட்ட உறவு என்று பேரெடுத்த அந்த இரவில் முருகன் படுக்கையை எழுதவில்லை. ஒரு பெண் முதன்முறையாகக் கூட்டத்தில் தனியாக நடப்பதை, யாரும் தன்னை அடையாளம் காணாத விடுதலையை, ஆண்களைத் தான் பார்த்துத் தேர்வதை எழுதுகிறார். ‘சாமி’ என்று எண்ணித்தான் அவள் தேர்கிறாள். அவள் பக்தியும் அவள் ஆசையும் ஒன்றையொன்று மறைக்கவில்லை. ஆணும் பெண்ணும் பிரியாத ஓருருவாக நிற்கும் அர்த்தநாரீசுவரரின் மலையடிவாரத்தில், ஒரு தம்பதி அந்தத் தெய்வத்தின் பெயராலேயே பிரிகிறார்கள். நாவலின் துயரம் இந்த இடத்தில் இருக்கிறது. கோயிலை இழிவு செய்ய நினைத்த எழுத்தாளர் இப்படி எழுதமாட்டார். தெய்வத்தின் பொருளை அடிமனதுவரை எடுத்துக்கொண்டவரே இப்படி எழுத முடியும்.

சான்றுகளின் எடை

அப்படி ஒரு வழக்கம் உண்மையில் இருந்ததா? எதிர்ப்பாளர்கள் கேட்ட இந்தக் கேள்வி நியாயமானது. அதைக் கேட்டதற்காக யாரையும் பிற்போக்காளர் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் அமைப்பின் நல்கையோடு திருச்செங்கோட்டைப் பற்றிக் கள ஆய்வு செய்தபோது கேட்டவற்றிலிருந்து இந்தக் கதை பிறந்ததாக ஆசிரியர் சொல்லியிருந்தார். ‘சாமி கொடுத்த பிள்ளை’ என்று சிலரை ஊர் அழைப்பது அவருக்கான தொடக்கப் புள்ளி. அது வாய்மொழிச் சான்று. கல்வெட்டோ ஓலையோ முன்வைக்கப்படவில்லை. அந்தச் சொல் வேண்டுதலால் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் பொருந்தக்கூடியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆவணம் இல்லாததை எவ்வளவு தூரம் மறுப்பாகக் கொள்ளலாம்? திருச்செங்கோடு அன்று சேலம் மாவட்டத்தின் ஒரு வட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். இந்த நிலப்பகுதியைப் பற்றிய அதிகார ஆவணங்கள் சேலத்தில் எழுதப்பட்டவை. லெ ஃபானுவின் மாவட்டக் கையேடு 1883இல் வந்தது, ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் 1918இல் வந்தது. வெள்ளை அதிகாரிகளின் பங்களாக்கள் சேலத்தின் அஸ்தம்பட்டிப் பக்கம் இருந்த காலம் அது. அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், திருவிழா இரவில் ஒரு குடியானவப் பெண் யாரோடு இருந்தாள் என்பதைத் தீர்வை வசூலிக்கும் கச்சேரிக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? குடும்பமே மறைக்க விரும்பும் ஒன்று ஆவணத்தில் இல்லாமலிருப்பது இயல்பு. அதனால் ஆவண மௌனம் வழக்கத்தை மறுப்பதும் இல்லை, நிறுவுவதும் இல்லை.

பொதுவான ஒப்புமைகள் உதவுகின்றன, ஓரளவுக்கு. கணவனல்லாதவன் வழியே பிள்ளை பெறும் நியோகம் இந்திய மரபுக்கு அந்நியமானதன்று. மகாபாரதத்தில் அம்பிகையும் அம்பாலிகையும் வியாசர் வழியே பிள்ளை பெற்றார்கள். குருகுலத்தின் வமிசமே அதனால் நீண்டது. மனுநூல் ஒன்பதாம் அத்தியாயத்தில் நியோகத்துக்கு விதி சொல்லி, அடுத்த அடிகளிலேயே அதைக் கண்டிக்கவும் செய்கிறது. வழக்கம் இருந்ததற்கும், அது மரியாதை இழந்ததற்கும் ஒரே நூல் சாட்சி.

எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பாபிலோன் நகரப் பெண்கள் கோயிலில் அந்நியரோடு கூட வேண்டும் என்று ஹெரோடோட்டஸ் எழுதியதை உலகம் பல நூற்றாண்டுகள் நம்பியது. ஸ்டெஃபனி புடின் 2008இல் வெளியிட்ட ஆய்வு, அத்தகைய செய்திகள் பெரும்பாலும் பிறர் நாட்டுப் பெண்களைப் பற்றி வெளியார் சொன்ன கதைகள் என்று வாதிட்டது. கோயிலையும் பெண்களையும் சேர்த்துப் பரவும் பேச்சில் பழிச்சொல்லின் கலப்பு எப்போதும் இருக்கலாம். இந்த எச்சரிக்கை ‘மாதொருபாகன்’ முன்னிறுத்தும் வழக்கத்துக்கும் பொருந்தும். ஆகவே, வரலாறாக அதை நிறுவ இப்போதுள்ள சான்று போதாது என்பதே நேர்மையான முடிவு. புனைவாக எழுத அது தாராளமாகப் போதும். ஆய்வு நல்கையும் கள ஆய்வுப் பேச்சும் சேர்ந்து இவ்விரண்டுக்கும் இடையிலான கோட்டை வாசகர் கண்ணில் மங்கலாக்கின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நகல் தாள்களின் வாசகர்

போராட்டத்தின்போது நாவலின் சில பக்கங்கள் நகலெடுக்கப்பட்டு ஊரில் பரப்பப்பட்டன. பலர் படித்தது இந்தத் தாள்களைத்தான். பதினான்காம் நாள் இரவைப் பற்றிய பேச்சு அங்கே இருந்தது. தொண்டுப்பட்டி இல்லை, நல்லுப்பையன் இல்லை, பன்னிரண்டு ஆண்டு அவமானம் இல்லை.

இப்படி வாசிப்பது திருச்செங்கோட்டில் பிறந்த பழக்கம் என்று நினைப்பது பிழை. 1868இல் இங்கிலாந்தின் ஹிக்ளின் வழக்கு ஆபாசத்துக்கு வகுத்த அளவுகோல், எளிதில் கெட்டுப்போகக்கூடிய மனத்தின் மீது ஒரு எழுத்து செலுத்தும் பாதிப்பைக் கணக்கிட்டது. துண்டுப் பகுதிகளை வைத்தே நூல்களைத் தண்டிக்க அது வழிவகுத்தது. 1964இல் நம் உச்ச நீதிமன்றம், ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நூலை விற்ற மும்பைப் புத்தகக் கடைக்காரர் ரஞ்சித் உதேசியின் தண்டனையை உறுதி செய்தபோது அந்த அளவுகோலை அடிப்படையாகக் கொண்டது. அது கைவிடப்பட்டு, சமகாலச் சமூகத்தின் பொது அளவு என்ற பார்வை வந்தது 2014இல், அவீக் சர்க்கார் வழக்கில். நகல் தாளை நீட்டியவர்கள் அரை நூற்றாண்டு காலம் சட்டமே கற்றுக்கொடுத்த முறையில்தான் வாசித்தார்கள்.

ஆனாலும் துண்டுத் தாள்களில் அவர்கள் சரியாகவே கண்ட ஒன்று உண்டு. நாவல் சொல்லும் வழக்கம் உண்மையானால், இந்த ஊரில் பிறந்த சிலரின் தகப்பன் யார் என்று தெரியாது. கூட்டத்தில் சாதி கேட்பதற்கு இடமில்லை. ‘சாமி’க்குச் சாதி கிடையாது. குலம், கூட்டம், காணிக்கோயில் என்று தகப்பன் வழியில் தன்னை எண்ணிக்கொள்ளும் சமூகத்துக்கு இதைவிடப் பெரிய அச்சுறுத்தல் வேறில்லை. போராட்டத்தில் பெண்களின் மானம் என்ற பேச்சு மேலே தெரிந்தது. அடியில் இருந்தது பரம்பரையின் தூய்மை பற்றிய பயம். ‘பூக்குழி’க்கு வராத கோபம் இதற்கு வந்ததன் காரணமும் இதுவே. அந்த நாவலில் சாதி தன் எல்லையைக் கொடூரமாகக் காத்துக்கொள்கிறது. இந்த நாவலில் எல்லை முன்னமே, பல தலைமுறைகளுக்கு முன்பே, கோயிலின் சம்மதத்தோடு, உள்ளிருந்த பெண்களாலேயே கடக்கப்பட்டுவிட்டது.

ஆகவே எதிர்ப்பாளர்கள் நாவலைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லித் தேற்றிக்கொள்ள முடியாது. அதன் மிகக் கூர்மையான விளிம்பில் அவர்கள் கை பட்டுவிட்டது.

இந்தப் பயம் ஏட்டளவில் நிற்கவில்லை. 2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், கவுண்டர் சமூகத் தோழியோடு பேசிக்கொண்டிருந்தபோது, திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடைத்தது. சாதி அமைப்பொன்றின் தலைவர் யுவராஜ் உள்ளிட்டோரை மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. யுவராஜின் ஆயுள் தண்டனையை உயர் நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. கோகுல்ராஜ் கடத்தப்பட்டபோது நாவல் எரிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு நிகழ்வுகளையும் ஒரே கை செய்தது என்று சொல்லச் சான்றில்லை. ஆனால் ஒரே ஊரில், ஓராண்டுக்குள், பெண்ணின் விருப்பம் சாதிக் கோட்டைத் தாண்டலாம் என்ற ஒரே அச்சம் முதலில் காகிதத்தையும் பிறகு ஓர் இளைஞனையும் இலக்காக்கியதைத் தொடர்பற்றதாகப் பார்க்கவும் முடியவில்லை.

நீதிமன்றத்தின் வாசிப்பு

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் தொடுத்த வழக்கு முதன்மையானது. ஜனவரி 12 உடன்பாடு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்றும், நூலைத் தடைசெய்யவோ வழக்குத் தொடரவோ காரணமில்லை என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. நியோகத்தையும் பழைய இலக்கியங்களையும் எடுத்துப் பேசிற்று. பிடிக்காதவர் நூலை மூடி வைத்துவிடலாம் என்றது. எழுத்தாளர் மீண்டெழுந்து எழுதட்டும் என்ற பொருளில் தீர்ப்பை முடித்தது.

இந்தத் தீர்ப்பின் பெருமை, நீதிபதிகள் நாவலை முதலிலிருந்து கடைசிவரை படித்ததில் இருக்கிறது. பிள்ளையில்லாத தம்பதியின் வேதனையே அதன் உயிர் என்று அவர்கள் கண்டார்கள். மாவட்ட நிர்வாகம் இதே நூலைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்ற ஒற்றைக் கண்ணால் பார்த்ததை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பெருமாள்முருகன் பின்னர் ‘கோழையின் பாடல்கள்’ கவிதைகளோடும் ‘பூனாச்சி’ நாவலோடும் திரும்பி வந்தார். நாமக்கல்லில் கற்பித்துக்கொண்டிருந்தவர் அதற்குள் ஊரை விட்டுச் சென்னைக்குப் பணிமாறுதல் வாங்கிப் போயிருந்தார். அந்த இடப்பெயர்வை எந்தத் தீர்ப்பும் ரத்து செய்யவில்லை.

தீர்ப்பிலும், அதைக் கொண்டாடிய கட்டுரைகளிலும் பேசப்பட்டது எழுத்தாளனின் உரிமை. எதிர்த்தரப்பில் பேசப்பட்டது சமூகத்தின் மானம். இரண்டுக்கும் நடுவில் பொன்னா காணாமல் போனாள். அவள் ஏமாற்றப்பட்டாளா, விரும்பிப் போனாளா, இரண்டும் சேர்ந்தா என்ற கேள்வியை ஆயிரக்கணக்கான பக்க விவாதத்தில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கணவன் சம்மதித்தான் என்ற பொய்யின் மேல் நிற்கும் ஒரு பெண்ணின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு? அவள் கூட்டத்தில் அடைந்த விடுதலை பொய்யால் பெற்றது என்பதால் பொய்யாகிவிடுமா? ஒரு காதல் நாவலை வாசிப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. வழக்கு அவற்றைக் கேட்க நேரம் தரவில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து இன்று

சங்ககிரி வழியாகத் திருச்செங்கோட்டிலிருந்து பிள்ளைவரம் வேண்டிய தம்பதிகள் இன்றும் சேலம் வருகிறார்கள். வருவது மருத்துவமனைகளுக்கு. சேலத்துச் சாலைகளில் கருத்தரிப்பு மையங்களின் பலகைகளைப் பார்க்காமல் போக முடியாது. காளிக்கும் பொன்னாவுக்கும் நாவலில் நடக்காத ஒன்று, இருவரையும் பரிசோதித்துக் குறை யாரிடம் என்று பார்ப்பது, இங்கே முதல் நாளிலேயே நடக்கிறது.

2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், கொடையாளரின் விந்தணுவைப் பயன்படுத்தலாம் என்கிறது. கொடையாளருக்குப் பிள்ளை மீது எந்த உரிமையும் இல்லை. அவர் அடையாளம் வெளியிடப்படாது. பிறக்கும் குழந்தை சிகிச்சை பெற்ற தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். பதினான்காம் நாள் இரவில் ‘சாமி’ வகித்த இடத்தைப் பெயர் தெரியாத கொடையாளர் வகிக்கிறார். ஊர் மௌனமாகத் தந்த ஏற்பைச் சட்டம் எழுத்தில் தருகிறது.

ஒரு வேறுபாடு உண்டு, அது சிறியதன்று. மருத்துவ அறையில் பெண்ணின் ஆசைக்கு இடமில்லை. அவள் யாரையும் பார்ப்பதில்லை, தேர்வதில்லை. பெண் தொடப்படாமல் பிள்ளை மட்டும் வருகிற ஏற்பாட்டில் கௌரவம் காயப்படுவதில்லை. அப்படியானால் 2014இன் கோபம் தெரியாத தகப்பனைப் பற்றியது மட்டுமா, தெரியாதவனை விரும்பிப் பார்த்த பொன்னாவின் கண்களைப் பற்றியதும்தானா? நகல் தாள் வாசகர் வெறுத்தது பின்னதையும் சேர்த்தே என்று இக்கட்டுரை கருதுகிறது. இதே சேலத்தில்தான் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. பிள்ளை என்றால் வாரிசு என்றும், பெண் என்றால் அந்த வாரிசு வரும் வழி என்றும் பழகிவிட்ட நிலத்தில், தன் உடலுக்காகவும் ஒருத்தி அந்த இரவில் நடந்தாள் என்பது பொறுக்க முடியாததாக இருந்திருக்கிறது.

முருகன் கதையை அங்கே விடவில்லை. 2014இலேயே ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்று இரண்டு தொடர்ச்சிகளை எழுதினார். ஒன்றில் காளி இறந்துவிடுகிறான். மற்றொன்றில் உயிரோடு இருந்து பொன்னாவை மௌனத்தால் தண்டிக்கிறான். இரண்டிலும் பொன்னா கருவுற்றிருக்கிறாள். அந்தப் பிள்ளையை ஊர் எப்படிப் பார்க்கிறது, மாமியார் சீராயி எப்படி அவளைத் தாங்குகிறாள், மகளும் தாயும் எதைப் பேசுகிறார்கள், எதை விழுங்குகிறார்கள் என்பதை அந்த நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. திருச்செங்கோட்டின் போராட்டக்காரர்கள் அவற்றை நகலெடுக்கவில்லை. ஆதரவாளர்களும் அவற்றைப் போதிய அளவு வாசிக்கவில்லை. மூன்று நாவல்களையும் அடுத்தடுத்து வைத்து, பொன்னாவைத் தொடர்ந்து போகும் ஒரு வாசிப்பு தமிழில் இன்னும் முறையாக நிகழ வேண்டியிருக்கிறது. அதைத் தொடங்குவதற்குத் திருச்செங்கோட்டு மலையை நாள்தோறும் பார்த்து வளர்ந்த பெண் வாசகர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை.